இத்தாலிக் கடையும் எங்கள் வீட்டு இலையும்

மக்ரோனி ருசியாகத்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர், பிறகு அந்தக் கடைமேல் எனக்குப் பொறாமை என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் இறங்கினால் இடது கையில் தகரக் கூரை போட்ட கடை. போர்டு கிடையாது. எல்லோரும் இத்தாலிக் கடை என்கிறார்கள். நடத்துகிற சிலுவைராஜ் இத்தாலியைக் கண்டவனல்ல, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். யுத்த காலத்தில் மெயின்லேண்டில் ஏதோ ஒரு முகாமில் சிறைப்பட்டிருந்த இத்தாலியச் சிப்பாய்களுக்குச் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்தானாம். அவர்கள் மைதாவைப் பிசைந்து நாடா நாடாவாக நறுக்கி வேகவைத்துத் தக்காளிச் சாறு ஊற்றித் தின்றதைப் பார்த்து வைத்துக்கொண்டு இங்கே அந்தமானுக்குக் கப்பலேறி வந்துவிட்டான். தின்னத் தெரிந்த கைதிகளிடம் பாடம் கற்றவன். அவர்கள் மேலே தூவுகிற பாலாடைக்கட்டி இந்தத் தீவுக்கு வராது. அதற்குப் பதில் வறுத்த தேங்காய்த் துருவல். வெள்ளிக்கிழமை சூரை மீன். ஃபெரி ஹாரன் அடிப்பதற்குள் ஒரு குடும்பமே மலிவாகத் தின்று முடித்து எழுந்துவிடலாம். சாராயம் கிடையாது, பீடி கிடையாது, பிள்ளைகளுக்கென்று குட்டையாக ஒரு பெஞ்சு. நல்ல கடை என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று நிலம் கொடுத்துக் குடியேற்றப்பட்டவர்கள் அல்ல நாங்கள். என் தாத்தா வெள்ளைக்காரச் சர்க்காரின் செலவில், சர்க்காரின் காவலோடு கப்பலில் வந்தவர். எதற்காக என்று நாங்கள் கேட்டதில்லை. இந்தத் தீவில் பழைய குடும்பங்கள் ஒருவரையொருவர் அப்படிக் கேட்டுக்கொள்வது மரியாதையும் இல்லை. பாட்டியும் அப்படியே வந்தவர். இருவரும் எந்த ஊர், என்ன சாதி என்பது அவர்களோடு போயிற்று. ஆகவே எங்களுக்கென்று நாங்களே ஒரு கௌரவத்தைக் கட்டிக்கொண்டோம். எங்கள் வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதை எவரும் பார்ப்பதில்லை. ஆண்கள் முதலில் உட்காருவோம். நாங்கள் எழுந்த பிறகு, எங்கள் இலையில், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் சாப்பிடுவார்கள். ஆண் அந்தப் பக்கம் போவதானால் முதலில் இருமுவான். அவர்கள் இலையை மூடிக்கொள்வார்கள்.

என் மனைவி பொன்னம்மா மென்றதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் இறந்தபோது டாக்டர், "இந்தம்மா வருஷக்கணக்கா வயிறாரச் சாப்பிட்டதே இல்லையே" என்றார். கூட வாழ்ந்த எனக்கே தெரியாததை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் வியக்கிறேன். படித்தவர்கள் துணிந்து பேசுகிறார்கள்.

எனக்கு ஒரே மகள், ருக்கு. முப்பது தாண்டியவள். வந்த வரன்கள் ஒவ்வொன்றையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். ஒருவன் பெண் பார்க்க வந்த இடத்தில், "பொண்ணும் கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடட்டுமே" என்றான். அவன் தரம் அவ்வளவுதான். ருக்குவுக்கு அக்கரையில் ஆபீஸ் வேலை. தினமும் ஃபெரியில் சாத்தம் துறைக்குப் போய்த் திரும்புவாள். நான் மர டிப்போவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றபின் வீட்டில்தான் இருக்கிறேன். ஒருநாள் அவள் திரும்பி வரும்போது வாயில் பூண்டு வாசனை வந்தது. கேட்டேன். மறைக்கவில்லை.

"இத்தாலிக் கடைலதான் அப்பா. பசி எடுத்துச்சு, சாப்பிட்டேன். அதுல என்ன?"

"எல்லாரும் பார்க்கவா?"

"அவங்கவங்க தட்டப் பார்க்கவே அவங்களுக்கு டைம் இல்ல. நீங்க ஒரு தடவ வாங்க. ஏக் பார், ஒரே ஒரு தடவ. உங்கள யாரும் கடிச்சிட மாட்டாங்க."

போனேன். எதையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவன் அல்ல நான்.

உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. சிலுவைராஜ் அடுப்பைவிட்டு நகராமலே குரல் கொடுத்தான்: "சலாம் அய்யா. தட்ட எடுத்துக்கிட்டு லைன்ல வாங்க. இங்க சீஃப் கமிஷனரே வந்தாலும் கையில தட்டுதான்."

எனக்குப் பின்னால் ஒரு தெலுங்குப் பெண்பிள்ளை, "அரே தாதா, ஆகே படோ! ஃபெரி சலா ஜாயேகா" என்று, ஃபெரி போய்விடும் முன்னால் நகரு என்று, முதுகில் தட்டாத குறையாக விரட்டினாள். டிப்போவில் ஆனைகளும் எனக்கு வழிவிட்டிருக்கின்றன. ஈயத் தட்டை ஏந்தி நின்றேன். வரிசை வேகமாகத்தான் நகர்ந்தது.

அந்த மாவு நாடாவைக் கௌரவமாக உண்ண வழியே கிடையாது இன்ஸ்பெக்டர். கையால் எடுத்தால் தொங்குகிறது, உறிஞ்சினால் சத்தம் வருகிறது. சாறு என் வேட்டியில் தெறித்தது. குட்டைப் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் சிரித்தன. வடக்கே ரங்கத் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு வங்காளிக் குடும்பம், தகப்பன் தாய் மாமியார் எல்லோரும் ஒரே பெஞ்சில், சிரித்தார்கள். என்னை அழைத்து வந்து எதிரே உட்கார்ந்திருந்த ருக்குவும் சிரித்தாள். வாய் நிறையச் சோறு, இல்லை, அந்த வஸ்து. முகவாயில் தக்காளிச் சிவப்பு. என் மகளின் பற்கள் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு முன்னால் இந்தத் துறைமுகம் பூராவுக்கும் தெரிந்திருந்தது.

சிலுவைராஜ் ஈரத்துணியோடு வந்தான். "பரவால்ல அய்யா, மொதத் தடவ எல்லாருக்கும் இப்படித்தான். அந்த இத்தாலிக்காரனுவளே சட்டைய நாசம் பண்ணிக்குவானுவ." என் வேட்டியை அவனே துடைத்தான். கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

சில வாரம் கழித்து, வெள்ளைச் சட்டையும் வாரிய தலையுமாக என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்று கேட்டான்.

"ருக்குவ எனக்குக் கட்டித் தாங்க அய்யா. கோயில் மாறச் சொல்ல மாட்டேன், வேலைய விடச் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். என் பக்கத்துல உக்காந்து வயிறாரச் சாப்பிடுவா. அத மட்டும் நீங்க தடுக்கக் கூடாது."

அவன் கிறிஸ்தவன் என்பது எனக்கு ஒரு பொருட்டல்ல. இங்கே யார் வீட்டில் கலப்பில்லை? அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொன்னேன். ருக்கு என் காலில் விழுந்தாள்.

ஞாயிறன்று அவள் விடியும் முன்பே எழுந்து சமைத்தாள். பரிமாறுவது நான் என்றேன். நான் கரண்டி பிடித்து அந்த வீடு கண்டதில்லை.

"நீங்களா? இன்னைக்கு மழைதான் போங்க" என்றாள். அந்தமானில் அது பெரிய ஆரூடமில்லை.

காட்டிலும் மரத்திலும் வாழ்நாளைக் கழித்தவன் நான். உப்பங்கழியோரம் தானாக வளர்கிற ஒரு விஷக்காய் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், யாராவது கற்றுக்கொள்வார்கள். அவனுடைய கிண்ணத்துப் பாயசத்தில் மட்டும் கலந்தேன். மற்றவர்களுக்குத் தீங்கு வரக் கூடாது என்பதில் கவனமாகவே இருந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் ஒழுங்காகத்தான் சாப்பிட்டான். பேசவில்லை, சிந்தவில்லை. ஆனால் பாயசத்தைப் பாதி வைத்துவிட்டு எழுந்தான். கடைக்காரனுக்கு இனிப்புப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியல்ல என்று இன்று காலை நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. கட்டிக்கப்போகிறவன் தன் இலையில் மிச்சம் வைக்க வேண்டும், அதைப் பெண் எடுத்துக்கொள்வாள், அது எங்கள் வீட்டு ரிவாஜ் என்று ருக்கு அவனிடம் சொல்லியிருந்தாளாம். என் மனம் கோணக் கூடாது என்று, அந்த ஒரு வேளைக்கு மட்டும், இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களாம்.

விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிடுவது முறை. விட்டுத் திரும்பினேன். கூடத்தில் இலை இல்லை, கிண்ணமும் இல்லை. அடுக்களைக் கதவு ஒருக்களித்திருந்தது. ருக்கு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் இலை அவள் முன்னால் இருந்தது. கிண்ணம் இன்னும் தரையில்தான் இருந்தது.

நேரம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு இருமல் போதும், கையை எடுத்திருப்பாள். இருமல் தொண்டைவரை வந்தது. ஆனால் அவள் தன் தாயைப் போலவே உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்து, ஒதுங்கி, ஆண் எழுந்த இலையில். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுப் பெண்ணாக என் மகளைப் பார்க்கிறேன். பெண் சாப்பிடுகிற இடத்தில் ஆண் நிற்பது முறையல்ல. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து, "அப்பா" என்று கூப்பிட்டாள். சாப்பிடும்போது பேசுகிற பழக்கம் அந்தக் கடையில் தொற்றியது. நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பாத்திரம் உருண்டது. சாப்பிட்டு முடிக்கப் போதுமான நேரம் கொடுத்தேன். பிறகு இருமிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

சிலுவைராஜ் படகுத்துறையில் விழுந்து, யார் யாரோ தூக்கி அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டான். பாதிதானே குடித்தான். மீதிப் பாதியை நினைத்து அழுகிறானாம். அழட்டும், அவனுக்கு எங்கள் முறை புதிது.

நீங்கள் என்னைச் சந்தேகிக்கக்கூட இல்லை. கெட்டுப்போன மீன் என்றுதான் எழுதவிருந்தீர்கள். நானாக வந்து இதைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றே. நாளைக் காலை ருக்குவை அறுத்து, வயிற்றில் என்ன இருந்தது என்று பார்த்து, டாக்டர் எழுதப்போகிறாராம். அதற்கு இனித் தேவையில்லை. கொன்றது நான், எதில் கலந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளைத் திறக்க மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டுப் பெண் என்ன சாப்பிட்டாள் என்று அந்நியர் பார்க்க நான் சம்மதிக்க முடியாது, ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்க என்னால் முடியாது.