வயித்துக்குச் சொன்ன வாய்ப்பாடு

ஹலோ… ஹலோ… திருப்பத்தூர் ஆஸ்பத்திரிங்களா? டாக்டரம்மா இருக்காங்களா?… ஆங், நீங்கதானுங்களா… வணக்கம்மா. நான் தேவராஜ். ஜமுனாமரத்தூர் போஸ்ட் ஆபீஸ்ல இருந்து பேசறேன்… ஸ்கூல் வாத்தியாருங்க… ஆமாங்க, ஆமாங்க, சம்பூர்ணம் வூட்டுக்காரன்…

அவ ஒடம்புக்கு ஒன்னுமில்லிங்க. மாத்திரையெல்லாம் குடுத்துட்டேன். சோறுதான் எறங்க மாட்டேங்குது. புள்ள போயி ஒரு மாசமாச்சி… சாமைக் கஞ்சி ஒரு வாய். அதுவும் மெரட்டித்தான்…

கோவமா? உங்கமேல எனக்கு இன்னாங்க கோவம்… நான்தான் அன்னிக்கி மரியாதை இல்லாம பேசிட்டேன். அஞ்சாம் மாசம் செக்கப்புக்கு வந்தப்ப… ஆங், அதே நோட்டுதான். கர்ப்பப் பயிற்சி நோட்டு. பொறக்கட்டும், அப்பறம் சொல்லிக்குடுன்னு சிரிச்சீங்க. உங்களுக்கு ஊசி போடத்தான் தெரியும்னேன்… இல்லிங்க, சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்குது.

சாயந்தரம் ஸ்கூல் விட்டா நேரா வூடு. அவ வயித்துகிட்ட ஒக்காந்து பன்னண்டாம் வாய்ப்பாடு வரைக்கும்…

இருக்கேங்க… இருக்கேங்க.

ஏழாம் மாசத்துல எங்க மாமனார் தவறிட்டாரு, படவேட்டுல. தாய் அழுதா வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு, அந்த நோட்டு குடுத்த பயிற்சி மாஸ்டர் சொல்லியிருந்தாரு. நான் அவள அனுப்பல… ஆமாங்க. பெத்த அப்பன் மொகத்தப் பாக்க வுடல. வூட்ல வாயத் தொறந்து அழக்கூட வுடல…

திட்டுங்க. நல்லா திட்டுங்க…

தெரியுதுங்க, கொடி கழுத்துல சுத்தித்தான் புள்ள போச்சின்னு நீங்க அப்பவே சொன்னீங்க. மனசு கேக்காம மாஸ்டர்கிட்ட போய் நின்னேன். உங்க வூட்டம்மா அழுதிருப்பாங்கன்னு ஒரே வார்த்தை. அத நான் அவகிட்ட வந்து… சொல்லித் தொலைச்சிட்டேங்க. அப்பறம்தான் சொல்றா, மாட்டுக் கொட்டாயில ஒளிஞ்சி ஒருநாள் அழுதாளாம். நான்தான் என் புள்ளையக் கொன்னுட்டேன்னு…

போஸ்ட்மாஸ்டர் சார், கோபால்சாமி சார், லைனக் கட் பண்ணிடாதீங்க, எக்ஸ்சேஞ்சுல இன்னொரு மூணு நிமிசம் கேளுங்க சார்… ஹலோ, டாக்டரம்மா…

அன்னிக்கி எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்கம்மா… ஆங், அதான், இந்தக் கர்ப்பப் பயிற்சிய ஒருத்தரும் நிரூபிக்கலன்னு. அழுதா புள்ள சாவாதுன்னு… நான் சொன்னா எப்பிடிங்க நம்புவா? நான்தான அழாதன்னவன்… சிரிச்சிகிட்டே சொன்னாலும் பரவால்ல… இங்கதான், பக்கத்துல நிக்கிறா.

சம்பூர்ணம், இந்தா… டாக்டரம்மா. காதுல வெச்சிக்க… பேச வேணாம், கேளு, போதும்…

…

இன்னா சொல்றாங்க?…

ஏ… சம்பூர்ணம்…

குடு இங்க… ஹலோ… இல்லிங்க, பயப்படாதீங்க. கீழ ஒக்காந்துட்டா. அழுவுறா… சத்தம் போட்டு… எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க… இல்லிங்கம்மா, இனிமே நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அழுவட்டும். அவங்கப்பனுக்கும் சேத்து அழுவட்டும்… ஹலோ?… ஹலோ?…