இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

சிதம்பரத்தில் ஹோட்டல் வேலையை உதறிவிட்டு, கடலூரில் கடற்கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அங்கே புதிதாகக் கட்டிய பளிங்குக் கோயிலில் சாமி பார்த்துவிட்டு வந்தால் சாப்பாடு உண்டு என்றார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தம்பியிடம் மெல்லச் சொன்னாள்:

“ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூதான்டா வெச்சிருக்கேன்.”

“அக்கா! செவப்பு வந்தா வேலைக்குப் போ, வெள்ள வந்தா போவாதன்னுதான மாமாகிட்ட சொன்ன?”

“போன வாரம் குடிகாட்டு கம்பெனில அந்த கெமிக்கல் டேங்குக்குள்ள கழுவ எறங்குனவன் மயங்கி விழுந்தான். நாளைக்கு இவரு எறங்கணுமா? வாய மூடு, வர்றாரு.”

கால் கழுவிவிட்டு வந்த அவள் கணவர் சன்னதி முன்னால் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

“அதையும் பிரி மச்சான்” என்று தம்பியிடம் மற்றப் பொட்டலத்தைக் காட்டினார்.

தம்பி அக்காவைப் பார்த்தான்.

“சாமி சொன்னதயே செக் பண்ணுவீங்களா?” என்றாள். மற்றப் பொட்டலத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நிக்காதீங்க, நகருங்க” என்று மைக்கில் அதட்டினார்கள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் போனை எடுத்தார்.

“மேஸ்திரி, காலைல நான் வரல. டேங்கு கழுவ வேற ஆளு பாத்துக்குங்க.”

மறுநாள் காலை வேலை கேட்டுக் குடிகாட்டுக்குப் போய் அந்த மேஸ்திரியை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஓர் ஆள் குறைகிறது என்றார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு டேங்குக்குள் இறங்கினேன்.