பதினாலு லீடரும் ஒரு ஆணியும்

அந்தச் சேரு வேணாங்க சார், அது தரம் பாக்குற லீடரோடது. பக்கத்துல இருக்குறது பேக்கிங் லீடரோடது. இந்த ஸ்டூலு என்னுது, இதுல ஒக்காருங்க. நான் நின்னுக்குறேன், பழக்கந்தான்.

மொதலாளி வந்துடுவாரு, சர்ச்சுக்குப் போயிருக்காரு. ஈரோட்லேருந்து லாரியோட வந்துட்டு வெறுங்கையோட போவ வுட்டுடுவோமா? டீயக் குடிங்க மொதல்ல.

வெளிய எல்லாரு கழுத்துலயும் தொங்குற பீங்கான் தட்டா? அது பேட்ஜு சார். எங்க மொதலாளி கிளமெண்ட் சாரு மெட்ராஸுல ரெண்டு நாளு தலைமைப் பயிற்சின்னு போனாரு. போவும்போது நல்லாத்தான் போனாரு. வந்து மீட்டிங் போட்டு, இனிமே இங்க வேலக்காரன்னு எவனும் கெடையாது, எல்லாரும் லீடரு, ஸ்ட்ராட்டஜி பேப்பருல இருந்தா போதாது, ஆளுக்கு ஆளு பொறுப்பெடுத்து ரிசல்ட்டா மாத்தணும்னுட்டாரு. பதினாலு பேருக்கும் சூளையில பேட்ஜு வெந்துடுச்சி. செல்வநாதன் சூள லீடரு, ஆக்னஸு மெருகு பூசுற கிளேஸ் லீடரு, அன்பரசன் ரிசல்ட்டு லீடரு.

நானா? நான் அன்னிக்கு லீவுங்க. என் வெடக்கோழிய எவளோ அமுக்கிட்டா. கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்குச் சீட்டு எழுதிப் பிராது கட்டப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா பதினாலு லீடரு, தொழிலாளி நான் ஒருத்தி.

ஆமாங்க, உங்க எட்டாயிரம் பீங்கான் ஃபியூஸ் கேரியருக்கும் இந்தக் காசியம்மா ஒருத்திதான் மெஷினுல மண்ணு அமுக்கணும். மத்தவங்க ரெவ்யூ பண்ணுவாங்க. அரமணிக்கு ஒருத்தரு ஷெட்டுக்கு வருவாங்க. எவ்ளோ ஆச்சி காசியம்மா, ஏன் ஆவல காசியம்மா, எப்ப ஆவும் காசியம்மா. பதிலு சொல்லியே வாயி வலிச்சிது.

மூணாம் நாளு ஆக்னஸு வந்தா. கதவச் சாத்துனா. யக்கா, கை நமநமங்குது, கொஞ்சம் அமுக்கிக்கிட்டுமா, யாருகிட்டயும் சொல்லிடாதன்னா. குனிஞ்சா பேட்ஜு மெஷினுல டங்கு டங்குன்னு இடிக்குதுன்னு கழட்டி தோ அந்த ஆணியில மாட்டுனா. அவ போனதும் செல்வநாதன் வந்தாரு. அவரும் கதவச் சாத்துனாரு. ஆணியக் காட்டுனேன்.

பதினாலு பேரும் அப்பிடித்தாங்க. ஒருத்தரு சங்கதி ஒருத்தருக்குத் தெரியாது. வேல செஞ்சிட்டு, பேட்ஜு மாட்டிக்கிட்டு, மூஞ்ச உர்ருனு வச்சிக்கிட்டு வெளிய போவாங்க. சூளையில பேட்ஜுதான் வேவுதுன்னு ஒருத்தருக்கொருத்தரு சொல்லிச் சொல்லித்தான் உங்க சரக்கே வெந்துச்சி.

சரக்கா? எட்டாயிரமும் பின்னாடி இருக்குது. தட்டிப் பாருங்க, மணியாட்டம் கேக்கும்.

ஆபத்தே அதுலதாங்க சார். செவுத்துல அன்பரசன் கோடு போட்டுருக்கான் பாருங்க. ரெவ்யூ ஏற ஏற சரக்கும் ஏறுது. அதப் பாத்து மொதலாளிக்குக் கண்ணு கலங்கிடுச்சி. ஸ்ட்ராட்டஜி ஜெயிச்சிடுச்சாம். நீங்க ஒரு நல்ல வார்த்த சொன்னீங்கன்னா அடுத்த கட்டமாம், என்னையும் லீடராக்குறாராம். என் பேட்ஜு சூளையில இருக்குது, நாளைக்கு ஆறிடும். அப்பறம் யார ரெவ்யூ பண்றோம்னு சொல்லி இவங்க ஷெட்டுக்கு வருவாங்க? எங்க போயி வேல செய்வாங்க? பதினஞ்சி வூட்டுல ஒல கொதிக்கணும் சார். எனக்குத் தூக்கமே புடிக்கல.

அதுக்கும் ஒரு பிராது கட்டலாம்னுதான் பாத்தேன். அன்னிக்குக் கட்டுனதுல கோழி கூட வந்துடுச்சி. ஆனா மொதலாளி சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, கொளஞ்சியப்பரு கூப்ட்டா வருவாரோ மாட்டாரோ.

அதான் நீங்க மத்தியானந்தான் வருவீங்கன்னு மொதலாளிகிட்ட நானே சொல்லி அனுப்பிட்டேன். உங்களத் தனியாப் பாக்கணும்ல.

தோ, வண்டிச் சத்தம் கேக்குது, அவருதான். சரக்குல ஒரு கொறையும் இல்ல, தாராளமா ஏத்திக்குங்க. போவும்போது மட்டும் அவர நாலு திட்டு திட்டிட்டுப் போங்க சார். புண்ணியமாப் போவும்.