நீலக்கூரை இல்லாத ஏரி

அன்று மதியம் ஏரி பச்சையாக இருந்ததா, சாம்பலாக இருந்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நிறத்திலேயே தடுமாறுகிறவன் மற்றதிலும் தடுமாறலாம். அதனால் நான் சொல்வதை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவசரம் ஒன்றுமில்லை.

நான் வரைந்ததெல்லாம் நம் நாட்டைத்தான். மலை, ஆறு, அறுவடை முடிந்த வயல் என்று ஒரு வரிசை. புதிதாகக் கட்டிய அரசு மண்டபத்தில் மாட்டுவதற்காக. என் படங்களில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். அக்கா கேலி செய்வாள்.

"ஏன்டா, உன் நாட்டுல ஒருத்தரையும் காணோம்? எல்லாரும் உங்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

கடைசிப் படம் ஏரி. அக்கா வீடு அதன் கரையில்தான் இருந்தது, நீலத் தகரக் கூரையோடு. அந்த நீலம் மலையின் நீலத்தோடு சண்டை போட்டது. வீட்டை விட்டுவிட்டேன்.

மண்டபத்து அதிகாரி ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அதே இடத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கும். ஏரியின் புகைப்படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு வீட்டையே முழுங்கிட்டீங்களே சார். மழைக்கப்புறம் போட்டோக்காரர் இன்னொரு தடவ போவாரு. அதுக்குள்ள கூரையப் போட்டுடுங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னா படம் வேணாம்."

அத்தானுக்கு ஒரே கொண்டாட்டம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் இந்த நாட்டுலயே இல்லாத ஆளுங்க" என்று அறிமுகம் செய்துகொண்டார். என்னிடம், "ஒரு சொட்டு நீலம் மாப்ளே. அதுக்குப் போய் இவ்வளவு கஞ்சத்தனமா?" என்றார். கூரைக்கு வேறு நிறம் அடித்துத் தருகிறேன் என்றேன். "அடி. ஆனா செவப்பா அடி. தூரத்துலேயே தெரியணும்." நானும் சிரித்தேன். அக்கா தேநீர் கொடுத்தாள். அத்தான் நல்ல மனிதர்.

கூரையை வரைவது ஒரு மணி நேர வேலைதானே என்கிறீர்கள். சரிதான். ஆனால் படம் முடிந்திருந்தது. முடிந்த படத்தில் கைவைப்பது முறையல்ல.

வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஓவியர்கள் அவற்றைத் தனித்தனியாக உலர்த்துவோம். அன்று என் துணிகளை அத்தான் வீட்டு விறகறையில், வைக்கோலுக்கு நடுவே மறந்து வைத்துவிட்டேன். அக்கா சந்தைக்குப் போகும் நாளாகப் பார்த்து மறந்தேன்.

அத்தான் உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்தார். கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. தூக்கம் கெடுமே என்று வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு எதிர்க்கரைக்குப் போனேன். தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் "மாப்ளே" என்று கூப்பிட்டது கேட்டது. பல தடவை கூப்பிட்டார். வழக்கமான கேலி என்று இருந்துவிட்டேன்.

மழைக்குப் பிறகு போட்டோக்காரர் வந்து எடுத்தார். இரண்டும் ஒத்துப்போயின. படம் மண்டபத்தின் நடுச்சுவரில் இருக்கிறது. அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அக்கா என் வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். போன வாரம், எண்ணெய்த் துணிகளை ஏன் இப்படித் தனித்தனியாகக் கொடியில் போடுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தாள்.

அத்தானை ஏரிக்கரையிலேயே புதைத்தோம். அங்கே இப்போது புல் முளைத்திருக்கிறது. படத்திலும் அந்த இடத்தில் புல்தான். நான் உள்ளதை மட்டுமே வரைகிறவன், ஐயா.