சாப்பிட்டேன்மா

துணி துவைக்கும் இயந்திரத்துக்காக வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்காது, ஐயா. 'லேசு' என்ற அந்தச் செயலியை நான் எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தான். விடுதியில் முந்நூறு பேருக்கு நாலே இயந்திரம். எது காலி என்று போனிலேயே தெரிந்துவிட்டால் நல்லதுதானே. அப்புறம் நூலகப் புத்தகத்துக்குக் கெடு, வகுப்பறை மாற்றம், சாப்பாட்டுக் கூடத்தில் எவ்வளவு கூட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓர் இடத்தில் இருப்பு கொள்ளாது. எதையாவது சரி பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் வெளியே போயிருந்தபோது இந்த நாற்காலியின் குட்டைக் காலுக்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்து வைத்தேன். இப்போது ஆடவில்லை பாருங்கள்.

வீட்டுக்குப் பதில் போடும் வசதி, என் அறைத்தோழனைப் பார்த்து வந்த யோசனை. அவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். படுத்தால் பாதம் ரெண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவன் அம்மா ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று பத்துக்கு ஒரு செய்தி, சாயங்காலம் வேலை விட்டதும் ஒரு செய்தி. பழைய மூன்று மாதச் செய்திகளை உட்கார்ந்து எண்ணினேன். நூற்றுக்குத் தொண்ணூறு 'சாப்பிட்டியா?'தான். மிச்சம் 'தூங்கினியா?', 'எப்ப வருவ?'. நெட்டை சொன்ன பதிலும் மாறவே இல்லை. 'சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன்.' சாப்பிடாத நாளிலும் அதைத்தான் சொன்னான். ஒரு மனிதன் வருஷத்துக்கு எழுநூறு தடவை ஒரே வரியைத் தட்டுவது என்ன கொடுமை, சொல்லுங்கள்.

இனி லேசு சொல்லும் என்றேன். நெட்டை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தான். "நீ மனுஷனே இல்லடா, தெய்வம்"னு சொன்னான். எல்லாம் அவன் சம்மதத்தோடுதான் நடந்தது. அவன் கையெழுத்துப் போட்ட தாள் உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

வழிகாட்டிப் பேராசிரியருக்கும் பிடித்துப்போயிற்று. நாற்பது நாள் ஓட்டிக் காட்டு, பெற்றவர்களுக்கு ஒரு சந்தேகமும் வரக் கூடாது, நடுவில் ஒருநாள் அறுந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னார். தேறினால் பல்கலைக்கழகத்தின் பதினெட்டாயிரம் மாணவர்களின் போனுக்கும் லேசு போய்விடும். பதினெட்டாயிரம் பேர் என்பதை நினைத்துப் பார்த்துக்கொண்டு நீங்கள் மேலே கேட்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஓடியது. பேசச் சொல்லி அம்மா கேட்டால், 'பரீட்சை நேரம்மா, அப்புறம் பேசறேன்' என்று பதில் போகும். மூன்றாவது வாரத்தில் நெட்டை வகுப்புக்குப் போவதை நிறுத்தினான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். தட்டு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தால் அப்படியே ஆறிப்போய் இருக்கும். விழித்திருக்கிறானா என்று அவன் கால் விரல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒருநாள் கேட்டேன், ஊருக்குப் போன் போட்டுப் பேசேன்டா என்று. "குரலைக் கேட்டா கண்டுபிடிச்சிருவாங்கடா" என்று சொன்னான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

முப்பத்தோராம் நாள் மதியம். ஒன்று பத்துக்கு அம்மா கேட்டார், சாப்பிட்டியா என்று. லேசு பதில் போடுவதற்கு முன்னால் நெட்டை தானே தட்டினான். 'அம்மா, என்னால முடியல. வந்து கூட்டிட்டுப் போ.'

நெட்டை தட்டுவதில் வழக்கத்துக்கு மாறான செய்தி எதுவானாலும் லேசு அதை அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்கும். சோதனைக் காலத்துக்காக அப்படி எழுதியிருந்தேன். அந்தச் செய்தி என் போனில் வந்து நின்றது. கீழே இரண்டு பொத்தான்: அனுப்பு, மாற்று. பத்திரிகைக்காரர்கள் ஏதோ இயந்திரம் முடிவெடுத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். இயந்திரத்தின் மேல் அபாண்டமாகப் பழி போடக் கூடாது. அது மரியாதையாக என்னிடம் கேட்டது. அறையில் மூன்று தடவை நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. ஒன்பது நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றியது. 'மாற்று' என்பதை அழுத்தினேன்.

அம்மாவுக்குப் போனது: 'சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன்.' நெட்டையின் போனில் மட்டும் அவன் எழுதியதே போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. அது ஒரு குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அம்மா உடனே பதில் போட்டுவிட்டார். 'அது போதும்பா எனக்கு.'

நான் எதிர்க் கட்டிலில் இருந்தேன். அவன் அதைப் படிப்பதைப் பார்த்தேன். மேலே தள்ளித் தன் செய்தியைப் படித்தான். கீழே தள்ளி அம்மாவுடையதைப் படித்தான். மறுபடி மேலே. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து, படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டான். மூன்று வாரமாக அவன் செய்யாத வேலை. தேறிக்கொண்டான் என்று நினைத்தேன். அப்படித்தான் அன்று எனக்குப் பட்டது.

மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். எங்கடா என்று கேட்டேன். "சும்மா" என்றான். போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. விடுதிக் காவலர் கேட்டதற்கு ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன். அவரும் ஏட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

போனில் சார்ஜ் இறங்கினால் பதில் நின்றுபோகும். அதனால் தினமும் சாயங்காலம் நான்தான் சார்ஜில் போட்டேன். ஒருநாளும் மறக்கவில்லை. என் போனையே நான் அவ்வளவு ஒழுங்காகக் கவனித்தது கிடையாது.

விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் பூட்டிக்கிடந்த பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் அவனைக் கண்டெடுத்தீர்கள். விழுந்து இடுப்பு முறிந்திருந்தது என்றும், ஐந்தாம் நாள் வரை உயிர் இருந்திருக்கும் என்றும் மருத்துவர் சொன்னாராம். தேடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் இடம் என்று நீங்கள் மேசையைத் தட்டிச் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. அந்த ஐந்து நாளில் அவன் சாப்பிட்டதாக அம்மாவுக்குப் பத்துத் தடவை பதில் போயிருக்கிறது. பட்டியல் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.

கொஞ்சம் எழுந்து நடக்கலாமா? கால் மரத்துப்போகிறது. நன்றி.

தவறு நடந்தது நாற்பதாம் நாள். அவன் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. 'நீ மாமா ஆயிட்டடா' என்று அம்மா எழுதினார். லேசு, 'சரிம்மா. நல்லா இருக்கேன்' என்றது. நல்ல செய்திகளுக்கு என்று தனியாக ஒரு வகை வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று மாதச் செய்தியில் நல்ல செய்தி ஒன்றுகூட இல்லாததுதான் காரணம். மறுநாள் காலை நான் மேடையில் நின்று, நாற்பது நாள், சந்தேகம் சுழியம் என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு, நடுவில் இந்தப் பையன் பாலம் போட்டுவிட்டான் என்று பேராசிரியர் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். அதே நேரத்தில் அந்த அம்மா முதல் பேருந்தில் வந்து இறங்கி விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். காவலரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "மாமா ஆயிட்டன்னு சொன்னா சரின்னு சொல்ற புள்ள இல்லங்க அவன்."

ஏன் செய்தாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கோபமா, பொறாமையா என்று கேட்கிறீர்கள். நெட்டை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்தோம், எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன்தான் பார்த்துக்கொண்டான். இப்போதும் அந்தக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் நடக்கும்போது இடித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கித்தான் போகிறேன். அவன் அம்மாவை அழைத்ததை நிறுத்தியது நான். அவன் காணாமல் போனதை மறைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஒன்பது நாளும் அந்த அம்மா நிம்மதியாகக் காலர் தைத்தார், நிம்மதியாகத் தூங்கினார். அதையும் எழுத வேண்டும்.

இன்னொன்று. காலையில் என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்தபோது அந்த அம்மா வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் இன்னும் யாரும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை போலிருக்கிறது. கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ என் புள்ளைகூட இருந்தவன்தானே? முகமெல்லாம் வாடிக் கெடக்கே. சாப்பிட்டியாப்பா?"

நேற்றுக் காலையிலிருந்து என் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. யோசிக்கக்கூட இல்லை, ஐயா, வாய் தானாகச் சொன்னது. "சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன்."

அவர் என் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தார். "அது போதும்பா எனக்கு" என்றார்.

நானும் காலையிலிருந்து உங்களிடம் அதைத்தானே சொல்கிறேன். அந்தப் பதில் போதும், ஐயா. யார் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியமில்லை.