நிற்காத பாட்டு

நாகநாதன்: அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துறியா, சத்தியா.

சத்தியா: சத்தத்தைக் குறைச்சுக்கிறேன்ப்பா.

நாகநாதன்: குறைக்கச் சொல்லல, நிறுத்து. சாப்பிட்டதுல இருந்து ஓடுது. ஞாயித்துக்கெழமையும் மண்டைக்குள்ள ரம்பம் போட்ட மாதிரி இருக்கு.

சத்தியா: வாரம் பூரா பிளைவுட் அறுக்குற மிஷின்கிட்ட நிக்கிறீக. அதை விடவா இது கூடுதல்?

நாகநாதன்: மிஷினுக்கு சுவிட்சு இருக்கு தாயி. இது என்ன பாஷை? ஒரு பொம்பள யாரையோ வையிற மாதிரி இருக்கு.

சத்தியா: வையலப்பா, பாடுது. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. நாலு தடவ கேட்டேன்... இப்ப அந்த இழுவை எப்ப வரும்னு காத்துக் கெடக்கேன்.

நாகநாதன்: அர்த்தம் தெரியுமா?

சத்தியா: தெரியாது.

நாகநாதன்: தெரியாமலே காத்துக் கெடக்கியாக்கும்.

சத்தியா: இந்தா, இது வேற. மூங்கிலைக் கட்டி ஆட்டுன மாதிரி ஒரு சத்தம் வரும்... பொறுங்க... இப்ப.

நாகநாதன்: கதவுல கீல் கழண்டாலும் இப்படித்தான் கேக்கும்.

சத்தியா: ஒங்ககிட்டப் போயி காட்டுனேன் பாருங்க.

நாகநாதன்: கோவிக்காத. ஏன், தமிழ்ல புதுப் பாட்டே வரலையா?

சத்தியா: வருது. ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருது. குரலைத் தேச்சுப் பாலிஷ் போட்டு, மூச்சு வாங்குற சத்தம்கூட இல்லாம... பாடுறது யாருன்னே தெரியல. ஆப் வேற, தெரியாம ஒரு சோகப் பாட்டுக் கேட்டுட்டா ஒரு மாசத்துக்குச் சோகமாவே தள்ளுது.

நாகநாதன்: பாலிஷைக் குத்தம் சொல்லாத. எங்க பொழப்பு அது. சரி, இந்த ஊரு பேரு தெரியாத பாட்டையெல்லாம் எங்குட்டுப் புடிக்கிற?

சத்தியா: தானா வருதுப்பா. கடைசியாக் கேட்ட பாட்டெல்லாம் ஆப்ல வரிசையாக் காட்டும். அதுல இருந்து...

நாகநாதன்: நீ கேக்காதது அதுல எப்படி வரும்?

சத்தியா: ...வருது. விடுங்க.

நாகநாதன்: எங்க எந்திரிக்கிற? உக்காரு. காலையில இருந்து அங்குட்டும் இங்குட்டும் நடந்துக்கிட்டே இருக்க. அம்மாதான் நெற்குப்பையில அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாளேன்னு நானே காப்பி போட்டேன். அதுவும் ஆறிப்போச்சு.

சத்தியா: மணி என்னப்பா?

நாகநாதன்: அஞ்சேகால். இப்பத்தான கேட்ட.

சத்தியா: பாட்டு நிக்கவே மாட்டேங்குதுப்பா.

நாகநாதன்: அதத்தான நானும் சொல்றேன்.

சத்தியா: நீங்க சொல்றது வேற. முன்னாடியெல்லாம் சாயங்காலம் அஞ்சு, அஞ்சரை ஆனா பாதிப் பாட்டுல பட்டுன்னு நின்னுரும். எத்தன தடவ நான் கத்தியிருக்கேன்.

நாகநாதன்: ஆமா, போனைத் தூக்கி மெத்தையில எறிவ. இப்ப நிக்காம ஓடுது. நல்லதுதான?

சத்தியா: நல்லது இல்ல.

நாகநாதன்: ஏன்?

சத்தியா: சொன்னா வைவீக. அண்ணனைப் பத்துனது.

நாகநாதன்: அவன் பேச்சு இப்ப எதுக்கு?

சத்தியா: இந்த அக்கவுண்டைத் தொறந்ததே அண்ணன்தான். ஒரே அக்கவுண்டுதான், அவன் போன்லயும் இருக்கு, என் போன்லயும் இருக்கு. ஆனா ஒரு நேரத்துல ஒரு போன்லதான் பாடும். அவன் போட்டா என்னுது நின்னுரும்.

நாகநாதன்: ம்.

சத்தியா: வீட்டை விட்டுப் போயி பதினாலு மாசம். நம்பரை மாத்திட்டான். ஒரு மெசேஜ் கெடையாது. ஆனா தெனமும் பாட்டுக் கேட்டான்ப்பா. என் பாட்டு நின்னுச்சுன்னா, சரி, அண்ணன் வேல முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டான்னு தெரிஞ்சுக்குவேன்.

நாகநாதன்: அப்ப கத்துனதெல்லாம்?

சத்தியா: மொத ரெண்டு நாளு நெசம். பெறகு நடிப்பு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

நாகநாதன்: இந்த வையிற பொம்பள பாட்டு...

சத்தியா: அவன் கேட்டதுதான், என் வரிசையிலயும் வந்துரும். என்ன பாஷைன்னு தேடிப் பாத்தேன். மலாய். மலேசியாவுல இருக்கான் போல. நமக்கு அஞ்சு மணின்னா அங்க ஏழரை.

நாகநாதன்: ம்.

சத்தியா: என்ன ம்? எட்டு நாளாச்சுப்பா. ஒரு பாட்டும் பாதியில நிக்கல. வரிசையில புதுசா ஒண்ணும் வரல. காய்ச்சல்லகூட ஹெட்செட்டைக் கழட்டாதவன், எட்டு நாள் பாட்டுக் கேக்காம இருப்பானா?

நாகநாதன்: அந்த ஹெட்செட்டாலதான எல்லாம்.

சத்தியா: அதுக்காக அதைப் புடுங்கிப் பெயிண்ட் வாளிக்குள்ள போடுவீகளா? மானகிரியில, வேல குடுத்த வீட்டுக்காரர் முன்னாடி, இருபத்தாறு வயசு ஆம்பளப் பிள்ளைய...

நாகநாதன்: ஏணியில இருந்து விழுந்து கெடக்கேன் தாயி. கோபி, கோபின்னு மூணு தடவ கூப்பிட்டேன். பக்கத்து ரூம்ல நின்னு இழைச்சுக்கிட்டே இருக்கான்.

சத்தியா: அது தப்புதான். ஆனா எம்மூஞ்சியில முழிக்காதன்னு சொன்னீகளே.

நாகநாதன்: சொன்னேன்... இடுப்பு வலியில வாயில வந்துருச்சு. அப்படியே எடுத்துக்கிட்டான்.

சத்தியா: அவனுக்கு என்னமோ ஆயிருச்சுப்பா. எனக்குப் பயமா இருக்கு. தங்கச்சாமி மாமா மகன் மலேசியாவுலதான இருக்காரு? அவரை விட்டு விசாரிக்கச் சொல்லுவோம். வண்டியை எடுங்க, இப்பவே போவோம்.

நாகநாதன்: உக்காரு.

சத்தியா: எப்படி உக்காரச் சொல்றீக?

நாகநாதன்: அவனுக்கு ஒண்ணும் ஆகல.

சத்தியா: ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

நாகநாதன்: பாட்டு நின்னவொடனே கத்திப்புட்டு, அங்குட்டுத் திரும்பிச் சிரிப்ப. எனக்குக் கண்ணு இல்லையா? கோபி போடுறதாலதான் நிக்குதுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஒரு வருசமா நாலரைக்கே வேலையை முடிச்சிட்டு நான் எதுக்கு வீட்டுக்கு ஓடியாரேன்னு நெனைக்கிற?

சத்தியா: அப்பா...

நாகநாதன்: போன வாரம் ஒன் போனுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டியாரேன்னு திருப்பத்தூருக்குக் கொண்டு போனேன்ல. கடைக்காரத் தம்பிகிட்டச் சொல்லி அந்தப் பாட்டு அக்கவுண்டோட பாஸ்வேர்டை மாத்திட்டேன். இப்ப ஒன் போனைத் தவிர வேற எதுலயும் அது பாடாது.

சத்தியா: நீங்களா? ஏம்ப்பா... அவன் இருக்கான்னு தெரிஞ்சதே அது ஒண்ணாலதான. இதுல இருந்தும் தள்ளிவிட்டுட்டாகன்னு நெனைச்சிருப்பானே.

நாகநாதன்: பாட்டு இல்லாம அவனால இருக்க முடியாது தாயி. புதுப் பாஸ்வேர்டு கேக்கவாச்சும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணுவான்னு நெனச்சேன்.