மச்சான் குடுத்த வாழைக்கன்னு

...அந்தக் குழாய நீ மெதுவா மாட்டு தம்பி, அவசரமே இல்ல, நான் சொல்றத மட்டும் கேளு. இது எதுக்குன்னு நினைக்கிற? குளியலறைத் தண்ணி பூரா வாழைக்குப் போகட்டும்னு நானே இழுத்துவிட்டது. ஆமா, நானே மாட்டுனதுதான், அதான் ஒழுகுது, சிரிக்காத. மூணு வருஷமா இந்த வீட்டுல குளிச்ச தண்ணி, அரிசி கழுவுன தண்ணி, மீன் கழுவுன தண்ணி எல்லாம் அதுக்குத்தான். நான் காய்ச்சல்ல கிடந்தப்போகூட எனக்கு இவ்வளவு கவனிப்பு நடக்கல. என்ன பிரயோஜனம்? ஒரு குலை... ஒரே ஒரு குலை தள்ளுச்சா?

கன்னு எங்க வாங்குனதுன்னு கேட்ட பாரு, அங்கதான் விஷயமே இருக்கு. வாங்கல, குடுத்தது. என் மச்சான். எங்க வீட்டம்மாவோட கூடப்பிறந்த அண்ணன். ஈரச் சாக்குல சுத்தி, பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் மடியில வச்சு, பச்சப்பிள்ளையக் கொண்டாந்த மாதிரி கொண்டாந்து குடுத்தாரு. அவரு தோட்டத்துல அதே வாழை, முட்டுக் குடுத்து நிறுத்துற அளவுக்குக் குலை. இங்க வந்தா மட்டும் சண்டித்தனம். அப்போ என்ன அர்த்தம்? நல்ல கன்ன அவரு வச்சுக்கிட்டு, சொத்தக் கன்ன நம்ம தலையில கட்டிட்டாரு. முதல் மரம் வீணாப்போனதும் நான் முகத்துக்கு நேராவே கேட்டுட்டேன். எங்க வச்சு? அவரு பொண்ணு கல்யாணத்துல, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற இடத்துல. தப்புதான். இருந்தாலும் வாயில இருந்த இனிப்ப முழுங்கிட்டுத்தான் கேட்டேன், அந்த மரியாதைய யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அன்னைக்கு நின்ன பேச்சு, ரெண்டு வருஷமாச்சு. இவளும் அங்க போறதில்ல. போன்ல பேசுனாக்கூட அடுப்படியில குழாயத் திறந்துவிட்டுட்டுத்தான் பேசுவா, எனக்குக் கேக்கக்கூடாதாம்.

உரமா? உரமெல்லாம் போட்டாச்சுப்பா. பக்கக்கன்னு நாலஞ்சு வந்தா ஒண்ண விட்டுட்டு மத்தத எடுத்துடுவேன், அதுவும் தெரியும். எனக்குப் பாடம் நடத்தாத. முப்பத்தொரு வருஷம் துணிக் கம்பெனியில செக்கிங் பார்த்தவன் நான். சட்டை கைக்கு வந்தா போதும், ஒரு நூல் பிசகியிருந்தாலும் தூக்கி அந்தாண்ட போட்டுருவேன். சூப்பர்வைசரே என் மேஜைப் பக்கம் வரத் தயங்குவாரு. இவ சொல்லுவா, இந்த மனுஷன் கையில நம்ம பிள்ளைங்க தப்பிச்சதே பெரிசுன்னு.

செக்கிங் பார்த்த அந்தக் கண்ணுதான் வாழைக்கு வந்த நோயவே கண்டுபிடிச்சுது, கேளு. கன்னு நல்லாத்தான் வளரும். ஆளுயரம், அதுக்கும் மேல போகும். இலை ஒவ்வொண்ணும் கதவு நீளம். எல்லாம் ஒழுங்கா வந்துக்கிட்டே இருக்கும்... திடீர்னு ஒரு நாள் உச்சியில ஒரு இலை வரும் பாரு, குட்டியா, கட்டையா, வானத்தப் பார்த்து நட்டுக்கிட்டு நிக்கும். சரக்குல அளவு மாறிடுச்சுன்னா என்ன அர்த்தம்? கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். விட்டா பக்கத்துக் கன்னுக்கும் ஒட்டிக்கும். நான் ஒரு நாள்கூடத் தாமதிக்கல, அருவாள எடுத்தேன், சாய்ச்சேன். முதல் மரம் அப்படிப் போச்சு. போன வருஷம் அதோட கன்னும் அப்படியே. இது மூணாவது. இன்னைக்குக் காலையில பல்லு விளக்கிக்கிட்டே அண்ணாந்து பார்க்குறேன், அதே குட்டி இலை. அந்தா, செவுத்தோரமா கிடக்கு பாரு, அதான்.

இன்னைக்கு வெட்டுனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மச்சான் வர்றாரு. இவதான் அழுது அடம்பிடிச்சு, நீங்களே வந்து மரத்தப் பாருங்கண்ணே, கன்னுமேல தப்பா இவருமேல தப்பான்னு நீங்களே சொல்லுங்கன்னு கூப்பிட்டிருக்கா. பஸ்ஸ்டாண்டுக்குப் போயிருக்கா கூட்டிட்டு வர. வரட்டும். மரம் நின்னா ஏதாவது சாக்கு சொல்லுவாரு, வெட்டிக் கிடக்குறதப் பார்த்து என்ன சொல்ல முடியும்? ஆமா, என் கன்னுதான் சொத்தைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பெருந்தன்மையா விட்டுருவேன். எனக்கும் ஆசைதான்பா. இவ வாய்விட்டுச் சிரிச்சு ரெண்டு வருஷமாச்சு. அந்த மனுஷனோட உக்காந்து சீட்டாடாம எனக்கும் பொழுது போகல. அத அவருகிட்ட சொல்லமாட்டேன், அது வேற.

என்னப்பா, வேலைய விட்டுட்டு எங்க போற? வெட்டிப்போட்ட மரத்த எதுக்குப் புரட்டுற? கத்தி எதுக்கு... சரி, கீறு, கீறு. நோய் எப்படியிருக்குன்னு நீயும் பார்த்துக்க.

...என்னது அது? நடுவுல மொட்டு மாதிரி, செவப்பா... உள்ள வரிசை வரிசையா தீக்குச்சி கணக்கா... காயா? அத்தனையும் காயா? இரு. இரு, இரு. அப்போ அந்தக் குட்டி இலை... குலை வரப்போகுதுன்னு சொல்ற இலையா? எல்லா வாழைக்கும் கடைசி இலை அப்படித்தானா? உனக்கெப்படித் தெரியும், நீ பிளம்பர்தான... ஓ, உங்க வீட்டுலயும் நிக்குதா. இன்னும் பத்து நாள்ல வெளிய தள்ளியிருக்குமா. பத்து நாள். அப்போ போன வருஷம் வெட்டுனது... அதுக்கு முந்தி வெட்டுனதும்...

நான்தான். மூணு தடவையும் நான்தான்.

தம்பி, ஒரு உதவி பண்ணு. இதத் தூக்கி அந்தத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால போட்டுருவோம், நீ அந்த முனையப் பிடி. அவரு முகத்துல நான் எப்படிப்பா முழிப்பேன்? கல்யாணத்துல வச்சுக் கேட்டேனே... அந்தப் பொண்ணு மணக்கோலத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சேப்பா. பிடி, பிடி. எங்க கிளம்புற? குழாய் பாதியில நிக்குது. அடுத்த வீட்டுல வேலையா? இவ்வளவு நேரம் இல்லாத வேலை இப்ப எங்கிருந்து முளைச்சுது? ஏப்பா, போறதுதான் போற, கேட்டச் சாத்திட்டு... வேண்டாம், சாத்தாத. வந்துட்டாங்க.

வாங்க மச்சான். வாங்க, வாங்க. நல்லாயிருக்கீங்களா... ஏய், நீ சும்மா இரு, நான் சொல்றேன். உங்க கன்னு நல்ல கன்னுதான் மச்சான். காய்ச்சிருக்கு. நெசமாத்தான்... அண்ணாந்து தேடாதீங்க. கொஞ்சம் குனியணும்.